மலையில் வாங்கிய சத்தியம்

பிப்ரவரி 6, செவ்வாய்

பனி. பத்து மணி வரை வெயில் இல்லை. உலகம் அழியவில்லை.

எட்டுக் கிரகமும் ஒரே வீட்டில் சேருகிறது, நேற்றோடு எல்லாம் முடிந்தது என்று ஊரே நடுங்கிக் கிடந்தது. மூன்று நாளாகத் தெருவில் பஜனை. எதிர்வீட்டு அம்மாள் வளர்த்த இரண்டு கோழியையும் அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள், அழிந்தால் வீணாகப் போகுமே என்று. இன்று காலையில் காலிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தை எடுத்தேன்.

எனக்குக் கிரகத்தின் மேல் பயமே இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த மூன்று நாள்தான் நன்றாகத் தூங்கினேன். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள். அவர் வீட்டில் இருந்தார். இன்று மறுபடி மருந்து ரூம்.

இந்த டைரி தம்பி முத்து கொடுத்தது. அவன் வேலை பார்க்கும் அச்சாபீஸில் கிழமையெல்லாம் ஒரு நாள் தள்ளி அச்சாகிக் கழித்துப் போட்டது. இதன்படி இன்று புதன். அடித்துவிட்டுச் செவ்வாய் என்று எழுதிக்கொண்டேன்.

வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு இருமல் மருந்து.

பிப்ரவரி 7, புதன்

இரண்டாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு. ஏழு மூணு இருபத்தொண்ணு வரை வந்தோம். அப்போது ஒரு சத்தம்.

எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ ஏதாவது ஒரு கம்பெனியில். நானும் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். கிணறு வெட்ட வேட்டு வைத்தால் தரை அதிரும், புகை மேலே வராது. கம்பெனி என்றால் பனைமரத்துக்கு மேல் புகை ஏறும். பார்த்தோம். புகை இல்லை.

"கெணத்து வேட்டு, டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண். ஏழு நாலு இருபத்தெட்டு.

மத்தியானம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி முடிந்ததிலிருந்து இப்படித்தான். அதுவரை அவர் திரி பின்னும் ஷெட்டில் இருந்தார். கூலி அதிகம் என்று மருந்து ரூமுக்கு மாறிக்கொண்டார். வெடிக்குள் போகிற பொடிகளைக் கலக்குகிற அறை அது. மற்ற ஷெட்டுகளை விட்டுத் தள்ளித் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். ஏன் தள்ளி என்று யாரும் கேட்பதில்லை. மார்கழியில் வேறொரு கம்பெனியில் மருந்து ரூம் வெடித்துப் போய்விட்டது. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன். முகத்தை மூடியே வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அவர் வந்தார். முழங்கை வரை வெள்ளிப் பொடி, நகத்தில் மஞ்சள். பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டப் பார்த்தாள். நான் போட்ட கூச்சலில் பயந்து அழுதுவிட்டாள். அவர் குளித்து வேட்டி மாற்றுகிற வரை அடுப்பு மூட்டுவதில்லை, விளக்கு ஏற்றுவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

"ஏ புள்ள, என்னைய என்ன பேயின்னு நெனச்சியா?" என்று கிணற்றடியில் இருந்து சிரிக்கிறார்.

பேயாக இருந்தால் வேப்பிலை அடித்துவிடலாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே பரபரப்பு. வரவில்லை. அவசரத்தில் வடிகட்டாத டீ குடித்ததுதான் மிச்சம்.

ஞானம் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். (இனி ஞா.டீ.) வேதக்காரர், கிறிஸ்தவர் என்றாலும் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாதவர். தை மாதம் பிறந்ததிலிருந்து வீட்டுக்காரரை இருக்கன்குடிக்கு வரச் சொல்லிக் கேட்கிறேன், மாரியம்மன் சன்னதியில் ஒரு சத்தியம் செய்து கொடுங்கள், மருந்து ரூமுக்குப் போக மாட்டேன் என்று. அவர் பிடிகொடுக்கவே இல்லை. "ஆத்தா கிட்ட வாக்குக் குடுத்துட்டு மீறினா கண்ணைப் பிடுங்கிருவா. நான் வரல." இதைச் சொன்னதும் ஞா.டீ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப எங்க அந்தோணியார் கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரத்துல சின்னக் கோயில். காட்டுக்குள்ள நடை. ஏத்தமே தெரியாது, பிள்ளைத்தாச்சி கூட ஏறிருவா. அம்புட்டுப் பேரும் வாறாக, இந்து, வேதம்னு பாக்கறதில்ல."

ராத்திரி சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். மலை, காற்று, பாப்பாவுக்கு ஒரு மாறுதல். கடைசியில் சத்தியம்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்தோணியாருன்னா சரி. பாப்போம்" என்றார். அடுத்த வீட்டுச் சாமி என்றால் கண்டிப்பு குறைவு என்று நினைத்திருக்கலாம். எனக்கென்ன. வந்தால் போதும்.

பிப்ரவரி 10, சனி

நாளைக்கு: புளிச்சோறு, துவையல், தூக்குச்சட்டி, பாப்பாவுக்கு மாற்றுச் சட்டை, மெழுகுவர்த்தி ஆறு, உப்பு, மிளகு. (உப்பும் மிளகும் அங்கே காணிக்கையாம்.) அவருக்குப் புது வேட்டி. ஷெட்டுக்கு ஒரு நாளும் கட்டாத வேட்டியாக இருக்கட்டும் என்று அவரே கேட்டார். மெழுகுவர்த்தி பக்கத்தில் நிற்க வேண்டுமே.

முத்துவும் வருகிறான். பாப்பாவைத் தூக்க ஆள் வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினைந்து. என் இடுப்பில் வளராவிட்டாலும் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இன்றைக்கு வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம். பங்குனி கழிந்ததும் பெண் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் யோசித்து முடிவு செய்தேன். எழுதி வைக்கிறேன். என் தலையில் அடித்து அவர் பீடியை விடுவதாக இரண்டு முறை சத்தியம் செய்திருக்கிறார். இரண்டையும் மீறினார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆகவே என் தலை பிரயோசனம் இல்லை. சாமி பெயர் மட்டும் போதாது. பாப்பா தலையில் கை வைக்கச் சொல்ல வேண்டும். அதை அவர் மீறவே மாட்டார். பாப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தால் கூடத் தூங்காத மனிதர்.

எழுதிவிட்டேனே தவிர உடம்பு கூசுகிறது. வேறு வழி?

பிப்ரவரி 11, ஞாயிறு

திரும்பி வர ராத்திரி எட்டாகிவிட்டது. கால் வலி. எல்லோரும் தூக்கம். நான் எழுதாமல் படுக்க மாட்டேன்.

முதல் பஸ்ஸில் சிவகாசி. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். அப்புறம் மாட்டு வண்டி. மலையடிவாரத்தில் ஒரு புளியந்தோப்பில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நடை.

ஞா.டீ. சொன்னது சரி. ஏற்றமே தெரியவில்லை. ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் வேங்கை, நெல்லி, பெயர் தெரியாத மரங்கள். ஓடையில் முழங்கால் தண்ணீர். எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசலும் கருவேலமும்தான். இங்கே மேலே பார்த்தால் வானமே இல்லை. பாப்பா முத்துவின் தோளில் உட்கார்ந்து இலையைப் பறித்துப் பறித்து அவன் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

நான்தான் ஒன்றையும் ரசிக்கவில்லை. வழியில் யானைச் சாணம். "காஞ்சு போச்சுக்கா, நேத்துப் போட்டது" என்று முத்து அதைக் காலால் தட்டிக் காட்டுகிறான். நேற்றுப் போட்ட யானை இன்று வரக்கூடாதா? கருங்குரங்கு ஒன்று கிளையை உலுக்கியது. எல்லாவற்றையும் விடப் பயம் அந்த அமைதி. ஊரில் ஏதாவது ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். இங்கே எதற்கோ காது கொடுத்துக் காடே காத்திருப்பது மாதிரி.

பாதிவழியில் மூங்கில் புதர். முத்து முன்னால், நான் நடுவில், அவர் பின்னால். வெயிலில் காய்ந்த மூங்கில் ஒன்று படாரென்று வெடித்தது.

நான் கீழே கிடந்தேன். என் மேல் அவர். என் தலையை இரண்டு கையாலும் மூடி, முழங்கையை மண்ணில் ஊன்றி. பிடித்துத் தள்ளியதும் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. வாயெல்லாம் மண். அவர் நெஞ்சு அடிப்பது என் முதுகில் கேட்டது. "பாப்பா, பாப்பா" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

"மாமா, மூங்கிலு மாமா" என்று முத்து சிரித்தான். பாப்பாவும் கை தட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. முத்துவின் சிரிப்பு மெல்ல நின்றது. வந்து கையைக் கொடுத்துத் தூக்கினான். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். முத்துவும் பார்த்தான்.

இத்தனை நாளும் நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். மனிதர் சிரித்துச் சிரித்து மறைத்திருக்கிறார். அழுகை வந்தது. புது வேட்டியில் மண்ணைத் தட்டிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கோயில் நான் நினைத்ததில் பாதி கூட இல்லை. என் வகுப்பறையை விடச் சின்னது. கல் சுவர், நாட்டு ஓடு, மேலே ஒரு மரச் சிலுவை. வாசலில் நாகலிங்க மரம். பூசை வைக்கிற சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவாராம். சாவி வைத்திருக்கும் சவரியம்மா என்கிற கிழவி திறந்துவிட்டாள்.

"எங்கன இருந்து வாறீக?"

சொன்னோம்.

"வெடி ஊரா? அங்கன இருந்து நெறையப் பேரு வாறாக. எல்லாரும் ஒரே வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

உள்ளே இருட்டு, மெழுகு வாசம். குழந்தையைக் கையில் ஏந்திய அந்தோணியார். உப்பு மிளகு போட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் வாசல்நிலைக்கு வெளியே நின்றார். புது வேட்டிதான், இரண்டு தடவை குளித்தவர்தான், ஆனாலும் நெருப்புக்குப் பக்கத்தில் வரக் கால் வரவில்லை. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிலைக்குப் போனேன்.

"இவ தலையில கை வச்சுச் சொல்லுங்க."

"பிள்ளை எதுக்கு? உன் தலையில அடிக்கேன்."

"என் தலை வேண்டாம்."

"நல்லா யோசிச்சுட்டியா?" என்று கேட்டார். முத்துவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, நல்லா யோசிச்சுக்கோ. இதுக்கு அப்புறம் நான் மாத்த மாட்டேன்." தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்து இழுத்துப் பாப்பா தலையில் வைத்தேன்.

சொன்னார். "இனிமே மருந்து ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன். எம் பிள்ளை மேல ஆணை."

பாப்பா அந்தக் கையைப் பிடித்து விளையாடினாள். அந்தோணியாரே, உமக்குக் கோடி கும்பிடு. இறங்கும்போது பறவைச் சத்தம் கேட்டது. ஏறும்போதும் இருந்திருக்கும்.

பிப்ரவரி 12, திங்கள்

விடிந்தது தெரியாமல் தூங்கினேன். பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். எச்.எம். முறைத்தார். முறைக்கட்டும்.

கிணற்று வேட்டு இரண்டு. பிள்ளைகள் திரும்பின. நான் திரும்பவில்லை.

சாயங்காலம் அவர் போர்மனிடம் பேசிவிட்டு வந்தார். குளிக்காமலே அடுப்படிக்கு வரலாம். வந்து பலகையில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"என்ன சொன்னாக?"

"ஆள் குடுத்துட்டு விலகுன்னாக."

மருந்து ரூமுக்கு அப்படி ஒரு வழக்கமாம். எனக்குத் தெரியாது. விலகுகிறவன் தன் வீட்டு ஆள் ஒருவரை வைத்துவிட்டுத்தான் விலக வேண்டும். வெளியாள் கூடாது. கலக்குகிற அளவு வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, தன் வீட்டுப் பிள்ளை உள்ளே இருந்தால்தான் பழக்கிக் கொடுப்பவன் ஒன்றையும் மறைக்காமல் பழக்கிக் கொடுப்பான். வாசலுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆள் கொடுக்காவிட்டால் அவருக்கு எந்த ஷெட்டிலும் வேலை இல்லை. மற்ற கம்பெனிகளும் எடுக்க மாட்டார்கள்.

"வேலையே வேண்டாம். என் சம்பளம் போதும்" என்றேன். நெஞ்சில் இருந்து சொன்னேன்.

"சரி" என்றார். அவரும் நெஞ்சில் இருந்துதான் சொன்னார்.

அவருக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அப்பா இல்லை. யாரைக் கொடுக்க முடியும்? என்னவோ, ஒரு கணக்கில் நிம்மதி.

பிப்ரவரி 13, செவ்வாய்

மாசி பிறந்தது. அரிசி ஊறப்போட்டேன்.

ராத்திரி முத்து தாமதமாக வந்தான். கையைக் கழுவிக்கொண்டே சொன்னான், ஏதோ சந்தைக்குப் போய் வந்தது மாதிரி.

"அக்கா, அச்சாபீஸ்ல கணக்கு முடிச்சுட்டேன். போர்மனைப் பாத்துட்டேன். வியாளக்கிளமை வரச் சொல்லிட்டாக."

எங்கே என்று கேட்கவே எனக்கு நேரம் ஆயிற்று.

அவர் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஏலே, எவன்லே உன்னையக் கேட்டான்? போயி வரலைன்னு சொல்லிட்டு வா. இப்பமே போ!"

"வாறேன்னு சொல்லியாச்சு மாமா. மச்சினனும் வீட்டு ஆளுதானாம். பேரு எளுதியாச்சு."

பிப்ரவரி 14, புதன்

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன்.

விடியற்காலையில் முத்துவைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன். திட்டினேன். அம்மா பேரைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"மாமா பயந்துட்டாருக்கா. மூங்கிலு வெடிச்சப்பப் பாத்தேன்ல. அந்தக் கை இனிமே மருந்துல படக்கூடாது. எனக்குப் பயம் இல்ல. பயம் இல்லாதவன் போனா ஒண்ணும் ஆகாது. மாமா வேலையில்லாம உக்காந்தா எம்புட்டு நாளு தாங்குவீக?"

மார்கழியில் போனவனுக்கும் பயம் இல்லை என்றுதான் துட்டி வீட்டில் பேசிக்கொண்டார்கள். சொன்னேன். சிரித்தான்.

அப்புறம் அவரிடம் போனேன். என்ன கேட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். "நீங்களே திரும்பப் போங்க. சத்தியம் கிடக்கட்டும்" என்றேன்.

"உன் தலையில அடிச்சிருந்தா இந்நேரம் போயிருப்பேன். நீதான பிள்ளை தலையைக் காட்டுன?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. மலையில் முத்துவைப் பார்த்துவிட்டு ஏன் அப்படிக் கேட்டார் என்று இப்போது புரிகிறது. "அப்பவே ஏன் வாயைத் திறக்கல?" என்றேன். "திறந்திருந்தா, அவனைக் காரணம் காட்டித் தப்பிக்கேன்னு சொல்லியிருப்ப" என்றார். சொல்லியிருப்பேன்.

மத்தியானம் ஞா.டீ. வீட்டுக்கே வந்தார். "சாமி மன்னிப்பாரு. சாமியார் வரும்போது சொல்லி ஆணையைத் திருப்பிக்கலாம்" என்கிறார். அவர் சொல்வது அவருக்குச் சரி. அவர் குழந்தை தலையில் யாரும் கை வைக்கவில்லை.

திருப்பிக்கொள்ளலாமா என்று சாயங்காலம் வரை மனசு அலைந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாப்பாவுக்கு இருமல் கூடிவிட்டது. மூச்சு இழுத்தது. நினைத்ததற்கேவா? நினைக்கவில்லை, நினைக்கவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நெஞ்சில் தைலம் தேய்த்தேன். பிறகு தூங்கினாள்.

பிப்ரவரி 15, வியாழன்

முத்து போனான். புது டவுசர், பழைய சட்டை. அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான், உள்ளே உலோகம் ஆகாது என்று. அது அவனுக்குப் பயந்த கோளாறுக்காக அம்மா கட்டியது.

அவரும் கூடப் போனார். வாசலுக்கு வெளியே நின்று அளவு சொல்லிக்கொடுத்தாராம். ஒரே நாளில் பிடித்துக்கொண்டானாம். "கை நல்ல கை" என்றார்.

சாயங்காலம் முழங்கை வரை வெள்ளிப் பொடியோடு வந்தான். பாப்பா ஓடினாள். இந்தத் தடவை கூச்சல் போட்டது அவர்.

பிப்ரவரி 17, சனி

வெயில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு. பாப்பாவுக்கு இருமல் தேவலை. அவருக்குத் திங்கள் முதல் பேக்கிங் ஷெட்டில் வேலை. இன்று வீட்டில் இருந்தார். முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து உளுந்து புடைத்தேன்.

பதினோரு மணி இருக்கும். மேற்கே ஒரு சத்தம். பெரிய சத்தம்.

நிமிர்ந்தேன். அவர் என் கண்ணெதிரே கோடரியோடு நிற்கிறார். "அப்பாடா" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். சிரித்திருக்கவும் வேண்டும்.

அவர் கோடரியைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்புக் கூட இல்லை. எதற்கு ஓடுகிறார் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் முத்து உள்ளே இருப்பது ஞாபகம் வந்தது.

கிணற்று வேட்டுதானாம். பாறை இறுகி இருந்ததால் கூட மருந்து வைத்தார்களாம். இரண்டு பேரும் சேர்ந்தே சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவர் காலில் முள் ஏறி ரத்தம். நான் சொன்னதை அவர் முத்துவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

"என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? பயந்துட்டியா?" என்று முத்து கேட்டான்.

"ஆமா" என்றேன்.